பள்ளிச் சேர்ந்திசைக் குழுவுக்குப் பாட்டுக் கற்பித்தல்: நாள் கணக்கு முதல் மேடை வரை

தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்து 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை, பாடலை முல்லைப்பாணி எனப்படும் மோகன ராகத்தில், மூன்றன் நடையில் (மும்மூன்றாக எண்ணும் தாள நடையில்), 55 நொடிகளில் பாட வேண்டும் என்று வரையறுத்தது. விழாக்களில் இசைத்தட்டை ஒலிக்க விடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. ஒலிபெருக்கியை நம்பியிருந்த பள்ளிகள் பல, அதன் பிறகு பாடக்கூடிய ஒரு குழுவைத் தேடத் தொடங்கின. பெரும்பாலும் நடப்பது இதுதான்: விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் நிறுத்தி, முழுப் பாட்டையும் நாளுக்குப் பத்து முறை பாட வைக்கிறார்கள். முதல் நாள் செய்த தவறு பத்தாம் நாளில் உறுதிப்பட்டுவிடுகிறது. பாடிப் பாடிப் பழகுவது உண்மையென்றாலும், எதைப் பழகுகிறோம் என்பதை ஒவ்வொரு வகுப்புக்கும் முன்பே முடிவு செய்திருந்தால்தான் அது பயிற்சியாகும். நான்காம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளைக் கொண்டு, ஒரு சுருதிப் பெட்டியோ கீபோர்டோ மட்டும் கையில் வைத்திருக்கும் ஆசிரியருக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

முதலில் நாட்காட்டி

பாட்டைத் தேடுவதற்கு முன் நாட்காட்டியை எடுத்து, விழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆண்டு விழா ஜனவரி இறுதியில் என்றும், காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபர் தொடக்கத்தில் பயிற்சியைத் தொடங்குகிறோம் என்றும் வைத்துக்கொண்டால், இடையில் 16 வாரங்கள் உள்ளன. வாரத்துக்கு இரண்டு பாடவேளை என்றால் காகிதத்தில் 32 வகுப்புகள். அரையாண்டுத் தேர்வும் அதையொட்டிய விடுமுறையும் மூன்று வாரத்தை எடுத்துக்கொள்ளும். அதில் 6 போகும். பொங்கல் வாரத்தில் 2, தீபாவளியை ஒட்டி 2 போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காலை ஆறு மணிக்கு மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் விடுமுறைகளுக்கு இன்னும் 2 என்று வைத்தால், கையில் மிஞ்சுவது 20. கணக்கு ஆசிரியர் பாடம் முடியவில்லை என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் வகுப்புகளை நான் இதில் சேர்க்கவில்லை.

இந்த 20 வகுப்புகளில் கடைசி இரண்டு மேடைக்குரியவை. அதற்கு முந்தைய மூன்றில் புதிதாக எதையும் கற்பிக்கக்கூடாது. ஆகவே பாட்டைக் கற்பிக்கக் கிடைப்பவை 15 வகுப்புகள்தாம். இந்த அளவுக்கு மூன்று பாடல்கள் போதும். ஒன்று, பிள்ளைகள் ஏற்கெனவே ஓரளவு அறிந்த, ஆனால் திருத்தமாகப் பாடாத பாடல். இரண்டாவது, எளிதான புதிய பாடல். மூன்றாவது, அவர்களைச் சற்று எட்டிப் பிடிக்க வைக்கும் பாடல். மூன்றாவதை அக்டோபரிலேயே தொடங்கிவிட வேண்டும். கடினமான பாட்டு ஊறுவதற்கு நாள் தேவைப்படும். எளிய பாட்டைச் சீக்கிரம் தொடங்கினால் பிள்ளைகளுக்கு டிசம்பருக்குள் சலித்துவிடும். இதை மாற்றிச் செய்து, எளிதானதை முதலில் முடித்துவிடலாம் என்று எண்ணிய ஆண்டுகளில் எல்லாம் நான் ஜனவரியில் வருந்தியிருக்கிறேன்.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவிலும் கலந்துகொள்ள விரும்பினால், பள்ளி, வட்டாரம், மாவட்டம் என அதன் படிநிலைத் தேதிகளையும் இதே நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, மூன்று பாடல்களில் ஒன்றையே அதற்கும் பயன்படுத்துங்கள். போட்டிக்கென்று தனிப் பாட்டு, விழாவுக்கென்று தனிப் பாட்டு என்று பிரித்தால் இரண்டும் அரைகுறையாக நிற்கும்.

பாட்டைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு பாடல் தனியாகப் பாட அழகாக இருப்பதும், நாற்பது பேர் சேர்ந்து பாட ஏற்றதாக இருப்பதும் வேறு வேறு. முதலில் கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் இடங்களை, பாருங்கள். ஒரு குரல் அசைக்கும்போது இழையாக ஒலிக்கும் கமகம், நாற்பது குரல்கள் நாற்பது விதமாக அசைக்கும்போது வெறும் கலங்கலாகிவிடும். சுரங்கள் பெரும்பாலும் நேராக நிற்கும் மெட்டுகளே சேர்ந்திசைக்கு உகந்தவை. கமகம் தவிர்க்க முடியாத இடத்தில், அது எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்கு, எத்தனை அசைவு என்பதை நீங்களே எளிமைப்படுத்தி முடிவு செய்து, எல்லோருக்கும் அதையே கற்பிக்க வேண்டும்.

அடுத்தது சொல். பொருள் புரியாத வரியைப் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். பொருள் புரிந்த வரியைத்தான் வாய் திறந்து பாடுவார்கள். திரைப்பாடல்களை நான் முற்றாக விலக்குவதில்லை. ஆனால் அவற்றின் கரோக்கி இசைத்தடத்தை விலக்கிவிடுவேன். அந்தத் தடம் வளர்ந்த பாடகர் ஒருவரின் சுருதியிலும் வேகத்திலும் அமைந்தது. பிள்ளைகள் மூச்சு வாங்க ஒரு நொடி கூடுதலாக எடுத்தாலும் அது காத்திருக்காது.

சுருதி வைத்தல்

பள்ளிக் குழுக்கள் கரகரப்பாக ஒலிப்பதற்கு, நான் பார்த்தவரை, முதற்காரணம் சுருதிதான். ஆசிரியர் தமக்கு வசதியான கட்டையில், அதாவது சுருதி உயரத்தில், பாடுகிறார். பிள்ளைகள் அதில் சிக்கிக்கொள்கிறார்கள்.

கீபோர்டின் நடுவில் உள்ள சி என்னும் வெள்ளைக் கட்டையே ஒரு கட்டை, டி இரண்டு கட்டை, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளின் குழுவுக்கு, அந்த நடு சி முதல் மேல் ஸ்தாயி டி வரை உள்ள பகுதி வசதியானது. பழகிய பிறகு அதற்கு மேலும் ஓரிரு சுரம் எட்டலாம். பாட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் கண்டுபிடித்து, அவை இரண்டும் இந்தப் பகுதிக்குள் அடங்குமாறு ஆதார சட்ஜத்தை, அதாவது பாட்டின் அடிப்படையான 'ச' சுரத்தை, வைக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. பாட்டு கீழ்த் தைவதம் (மோகனத்தில் வரும் 'த' சுரம், சதுசுருதி தைவதம்) முதல் மேல் சட்ஜம் வரை செல்கிறது என்று கொள்வோம். ஆசிரியை தம் வழக்கப்படி ஐந்து கட்டையில் தொடங்கினால், கீழ்த் தைவதம் நடு சிக்கு ஐந்து வெள்ளைக் கட்டை கீழே உள்ள ஈயில் போய் விழும். பத்து வயதுப் பிள்ளைக்கு அங்கே குரலே கிடையாது. அது உறுமும், அல்லது வாயை மட்டும் அசைக்கும். அதே பாட்டை நடு சிக்கு அடுத்த டியில், அதாவது இரண்டு கட்டையை மத்திய சட்ஜமாகக் கொண்டு வைத்தால், கீழ்த் தைவதம் நடு சிக்குச் சற்றுக் கீழே உள்ள பி. மேல் சட்ஜம் மேல் டி. பிள்ளைகளின் குரல் உடனே தெளிவதைக் கேட்கலாம். மேல் சட்ஜம் ஆசிரியைக்கு உயரமாக இருக்கலாம். மென்மையாக, அழுத்தாமல் தொட்டுக் காட்டினால் போதும். ஆண் ஆசிரியர் அதே இரண்டு கட்டையில் தம் ஸ்தாயியில் பாடினால் பிள்ளைகள் ஒரு ஸ்தாயி மேலே பாட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் இதைத் தாமே செய்துவிடுவார்கள். சிலர் ஆசிரியரின் கனத்த குரலைப் பின்பற்றிக் கீழே இறங்கித் தேடுவார்கள். அவர்களுக்கு, நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையை முன்னே நிறுத்தி, அந்தக் குரலைக் கேட்க வைப்பதே எளிய வழி.

கீழ்ப் பஞ்சமம் ('ப') முதல் மேல் காந்தாரம் ('க') வரை விரியும் பாட்டை எந்தக் கட்டையிலும் இப்பகுதிக்குள் அடக்க முடியாது. அதைச் சிறு பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். அல்லது உயரே செல்லும் சரணத்தை நன்கு பாடும் நால்வருக்கு மட்டும் கொடுங்கள்.

குரல்களைக் கேட்டல்

முதல் இரண்டு வகுப்புகளில் ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் கேட்க வேண்டும். தனியாக நிற்க வைத்தால் பாதிப் பேருக்குக் குரல் எழும்பாது. ஐவர் ஐவராக ஒரு வரியைப் பாடச் சொல்லி, வரிசைக்குப் பின்னால் மெல்ல நடந்து கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சுருதி சேராத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். அவர்களை நீக்க வேண்டியதில்லை. நான் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியர், என் பக்கத்தில் நின்ற பையனிடம் வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொன்னார். அந்தப் பையன் அதற்குப் பின் எங்கும் பாடி நான் கேட்டதில்லை.

சுருதி சேராத பிள்ளை பெரும்பாலும் தான் பேசும் குரலின் உயரத்திலேயே பாடுகிறது. மேலே ஒரு குரல் தனக்கு இருப்பதை அது அறியவில்லை. 108 ஆம்புலன்சின் சைரனைப் போலக் குரலைக் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்; விளையாட்டாகச் செய்துவிடும். பிறகு அந்தப் பிள்ளை எந்தச் சுரத்தில் நிற்கிறதோ அந்தச் சுரத்துக்கு நீங்கள் போய்ச் சேர்ந்து பாடி, அங்கிருந்து அரைச் சுரம் அரைச் சுரமாக இருவரும் மேலே ஏறுங்கள். குழுவில் நிற்கும்போது இத்தகைய பிள்ளையை உறுதியாகப் பாடும் இருவருக்கு நடுவில் நிறுத்த வேண்டும். கடைசி வரிசையின் ஓரத்துக்குத் தள்ளினால் அது ஒருபோதும் சேராது.

ஒரு பாடவேளையின் அமைப்பு

நாற்பது நிமிடம் என்று அட்டவணையில் இருந்தாலும், பிள்ளைகள் வந்து நிற்க ஐந்து நிமிடம் போய்விடும். தம்புரா ஒலியை அவர்கள் வரும்போதே ஒலிக்க விட்டு, வந்தவர்கள் வாயை மூடி 'ம்' என்று சட்ஜத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று பழக்கிவிட்டால், அந்த ஐந்து நிமிடமே குரலைத் தயார்ப்படுத்தும் நேரமாகிவிடும். அதன்பின் உதடுகளை அதிர வைத்து மேலிருந்து கீழாக இறங்கும் சுர வரிசை ஒன்று. கீழிருந்து தொடங்கினால் பிள்ளைகள் கனத்த மார்புக் குரலை மேலே இழுத்துச் சென்று கத்துவார்கள். மேலிருந்து இறங்கினால் மென்மை கீழேயும் தொடரும். மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை பாடுவது நம் மரபென்றாலும், சேர்ந்திசை வகுப்பில் அன்றைய பாட்டின் ராகத்திலேயே வரிசைகளைப் பாட வைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மனம் தெளிவாக இருக்கும் அடுத்த பன்னிரண்டு நிமிடங்களில் புதிய பகுதியைக் கற்பியுங்கள். அதன்பின் சென்ற வகுப்பில் கற்றதில் ஒரே ஒரு குறையை எடுத்துத் திருத்துங்கள். அந்தக் குறை எது என்பதை முந்தைய நாளே குறிப்பேட்டில் எழுதியிருக்க வேண்டும். இறுதியில், நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை முழுவதும் நிறுத்தாமல் பாடி முடியுங்கள். பிள்ளைகள் அந்தப் பாட்டோடு வகுப்பை விட்டுப் போக வேண்டும்.

பாட்டைக் கற்பித்தல்

முதலில் நீங்கள் முழுப் பாட்டையும் இரண்டு முறை பாடிக் காட்டுங்கள். அப்போது ஒருவரும் கூடவே பாடக்கூடாது. இந்த விதியைக் கண்டிப்பாகக் காக்க வேண்டும். கூடவே முணுமுணுக்கும் பிள்ளை தன் குரலைத்தான் கேட்கிறது. அதுபோல, அவர்கள் பாடும்போது நீங்களும் பாடக்கூடாது. நீங்கள் பாடினால் அவர்கள் செய்யும் தவறு உங்கள் காதில் விழாது. இதைக் கடைப்பிடிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

பிறகு சொற்களைக் கரும்பலகையில் எழுதி, பாடாமல் தாளத்தோடு படிக்க வையுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்தின் முதல் அடியே இதற்கு நல்ல சான்று. அச்சில் அது 'நிலமடந்தைக் கெழிலொழுகும்' என்று சீர் பிரித்து இருப்பதால், பிள்ளைகள் பலர் 'கெழில்' என்று ஒரு சொல் இருப்பதாகவே எண்ணி, அதற்கு முன்னால் மூச்சு வாங்குகிறார்கள். 'நில மடந்தைக்கு எழில் ஒழுகும்' என்று பிரித்து எழுதி, கடலை ஆடையாக உடுத்த நிலம் என்னும் பெண் என்று பொருள் சொன்ன பிறகு, மூச்சு தானாகவே சரியான இடத்துக்கு வந்துவிடும். மூச்சு வாங்கும் இடங்களைக் கரும்பலகையில் வண்ணச் சுண்ணத்தால் குறியிடுங்கள். எழில், ஒழுகும், வாழ்த்துதும் ஆகியவற்றின் ழகரத்தைத் தனியாக, மெதுவாக, பாட்டில்லாமல் பழக்கிவிட்டுப் பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

சேர்ந்து பாடும்போது சொல்லின் முடிவுதான் தெளிவின்மையைக் காட்டிக்கொடுக்கும். மகரத்தில் முடியும் சொல்லில் பத்துப் பேர் முன்னதாக உதட்டை மூடிவிட்டால், மீதி முப்பது பேரின் உயிரொலி வண்டின் ரீங்காரத்துக்குள் அமிழ்ந்துவிடும். எந்த எண்ணிக்கையில் உதட்டை மூடுவது என்பதைக் கைச்சைகையால் காட்டுங்கள். சொல்லின் இறுதியில் வரும் குற்றியலுகரத்தை நீட்டி 'ஊ' ஆக்கும் பழக்கமும் பரவலானது. அதைக் கண்ட இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்பிப்பதைவிட, சில பாடல்களில் கடைசி வரியிலிருந்து பின்னோக்கிக் கற்பிப்பது நல்லது. முன்னோக்கிக் கற்பித்தால் முதல் வரி நூறு முறையும் கடைசி வரி ஐந்து முறையும் பாடப்படுகின்றன. மேடையில் பிள்ளைகள் உறுதியிழப்பது அந்தக் கடைசி வரியில்தான். பின்னோக்கிச் சென்றால், தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்தை நோக்கியே எப்போதும் பாடுகிறார்கள்.

வரிகள் அமைந்ததும், ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையிலிருந்து சில சொற்களை அழித்துக்கொண்டே வாருங்கள். முதலில் எளிதில் நினைவுக்கு வருபவை, பிறகு மற்றவை. நான்காவது வகுப்பில் பலகையில் மூச்சுக் குறிகள் மட்டுமே எஞ்சியிருக்கும். மனப்பாடம் செய்து வா என்று வீட்டுப்பாடம் கொடுப்பதைவிட இது விரைவாகப் பலன் தருகிறது.

வேகத்துக்குக் கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள். தேசிய கீதத்துக்கு ஏறத்தாழ 52 நொடி, தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 நொடி. பிள்ளைகள் கைதட்டித் தாளம் போட்டால் வேகம் ஏறிக்கொண்டே போகும். உள்ளங்கையில் விரலால் தட்டச் சொன்னால் ஏறாது. பாடி முடித்ததும் சுருதிப் பெட்டியை மீண்டும் ஒலிக்க விட்டு, தொடங்கிய சுருதியிலேயே முடித்திருக்கிறோமா என்று பிள்ளைகளையே கேட்டுச் சொல்ல வையுங்கள். இறங்கியிருந்தால், குற்றம் பெரும்பாலும் அவரோகணத்தில் இருக்கும். இறங்கும்போது ஒவ்வொரு படியையும் அவர்கள் சற்று அதிகமாகவே இறங்குகிறார்கள்.

இரண்டாம் குரல்

திரை இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் உருவாக்கிய மெட்ராஸ் யூத் கொயர் குழு, நம் மெட்டுகளையும் பல குரல்களில் அடுக்கிப் பாட முடியும் என்பதைக் காட்டியது. தென் மாவட்டத் தேவாலயப் பாடகர் குழுக்களில் சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று உயரத்திலிருந்து தாழ்வு வரை நான்கு குரல்களில் பாடும் வழக்கம் பல தலைமுறைகளாக இருக்கிறது. அவர்களிடம் வழங்கும் டோ, ரே, மீ முறையில் டோ எந்தச் சுரத்திலும் அமையலாம். நம் சட்ஜமும் அப்படித்தான். ஆகவே ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பு தெரியாத ஆசிரியரும் ச, ரி, க என்றே இரண்டாம் குரலைக் கற்பிக்கலாம்.

படிப்படியாகச் செல்லுங்கள். முதலில் பாதிப் பேர் பாட்டைப் பாட, மீதிப் பேர் சட்ஜத்தை மட்டும் 'ஆ' என்று பிடித்து நிற்கட்டும். பிறகு சட்ஜமும் பஞ்சமமும். அடுத்து, இரண்டு மூன்று சுரங்களாலான சிறு துணுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பப் பாடும் குழு. அதன்பின் ஒரே மெட்டை இரண்டு குழுக்கள் ஒரு வரி இடைவெளியில் தொடங்கித் துரத்திப் பாடுவது. இதற்கு மோகனம், மத்தியமாவதி, சுத்த சாவேரி போன்ற ஐந்து சுர ராகங்கள் மிகவும் பாதுகாப்பானவை. அவற்றில் அரைச் சுர இடைவெளி இல்லாததால் எந்தச் சுரம் எதன் மேல் விழுந்தாலும் உரசாது. ஹம்சத்வனியும் ஐந்து சுரம்தான். ஆனால் அதன் காகலி நிஷாதமும் (மேல் 'ச'வுக்கு அரைச் சுரம் கீழே உள்ள 'நி') மேல் சட்ஜமும் ஒன்றாக ஒலித்தால் காது கூசும். துரத்திப் பாட்டுக்கு எல்லா மெட்டும் ஒத்துவராது. நீங்களும் இன்னோர் ஆசிரியரும் பாடிப் பார்த்த பிறகே வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஏழாம், எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களின் குரல் உடையும் காலத்தையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். செப்டம்பரில் தெளிவாகப் பாடியவன் ஜனவரியில் பாட முடியாமல் தவிப்பான். அவனுக்கு ஐந்தாறு சுரத்துக்குள் அடங்கும் பகுதியைக் கீழ் ஸ்தாயியில் கொடுங்கள். சட்ஜத்தைப் பிடித்து நிற்கும் குழு அவனுக்கென்றே அமைந்த இடம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவன் குரலை மீண்டும் கேட்டுப் பகுதியை மாற்றித் தாருங்கள். உடைந்த குரலைக் கண்டு மற்ற பிள்ளைகள் சிரிப்பதைத் தொடக்கத்திலேயே தடுத்துவிட வேண்டும்.

மேடை

முதல் மேடை விழா மேடையாக இருக்கக்கூடாது. ஒரு வாரம் முன்னதாக, மதிய உணவு இடைவேளைக்குப் பின் இன்னொரு வகுப்பின் முன் பாட வையுங்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். கைப்பேசியில் பதிவு செய்து, வீட்டில் இரவில் அமைதியாகக் கேளுங்கள். வகுப்பில் காதில் விழாதவை அதில் விழும்.

ஒலிபெருக்கிக்காரர் வழக்கமாக ஒரு மைக்கை நன்றாகப் பாடும் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார். அப்படியானால் அரங்கில் ஒரு குரல்தான் கேட்கும். இரண்டு மைக்குகளைத் தாங்கிகளில், முதல் வரிசைக்கு நான்கைந்து அடி முன்னால், கடைசி வரிசையின் முக உயரத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகள் மைக்குகளுக்கு முன்னால், பார்வையாளர்களை நோக்கி இருக்க வேண்டும், இல்லையெனில் கீச்சிடும். உயரமான பிள்ளைகள் பின்னால், அரைவட்டமாக நிற்கட்டும்.

பாட்டு தொடங்கும் முன் சுருதியை ஐந்து நொடி ஒலிக்க விடுங்கள். வாயால் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணாமல், கையை உயர்த்தி நீங்கள் மூச்சை இழுங்கள். அதே மூச்சைப் பிள்ளைகளும் இழுத்துப் பாட்டைத் தொடங்குவார்கள். முதல் நாள் வகுப்பிலிருந்தே இப்படித் தொடங்கிப் பழகியிருந்தால் மட்டுமே இது மேடையில் நடக்கும். விழாவுக்கு முந்தைய நாள் விளையாட்டுப் போட்டி இருந்தால், குழுவில் உள்ளவர்கள் ஓடலாம், குதிக்கலாம், ஆனால் ஆரவாரக் கூச்சல் மட்டும் வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். சொன்னாலும் கத்துவார்கள், ஆகவே மறுநாள் காலை மென்மையாக 'ம்' பாடத் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

விழா முடிந்த அடுத்த வகுப்பில் பதிவைப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டு, அவர்கள் சொல்லும் குறைகளைக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுங்கள். எந்தப் பாட்டுக்கு எத்தனை வகுப்பு ஆனது, எந்தக் கட்டையில் வைத்தோம், மழையால் எத்தனை வகுப்பு போயிற்று என்பவையும் அதிலேயே இருக்கட்டும். அடுத்த அக்டோபரில் நாட்காட்டியைத் திறக்கும்போது அந்தக் குறிப்பேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.